கோட்டை இல்லாத ஊருக்குக் கோட்டைப் பெயர்

செவ்வாய் – கேம்பிரிட்ஜ்

இங்கிலாந்தில் 'செஸ்டர்' என்று முடியும் ஊர்ப் பெயரைப் பார்த்தால், அங்கே ஒரு காலத்தில் ரோமானியர் கோட்டையோ மதில் சூழ்ந்த நகரமோ இருந்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். மான்செஸ்டர், வின்செஸ்டர், கோல்செஸ்டர் எல்லாம் அப்படித்தான். லத்தீனில் 'காஸ்ட்ரா' என்றால் படைமுகாம். ரோமானியர் போனபின் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்கள் அந்தச் சொல்லைத் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றி, இடிந்து கிடந்த பழைய ஊர்களுக்கெல்லாம் வைத்துவிட்டார்கள்.

கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே ஆற்றோரம் கிராண்ட்செஸ்டர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே இந்தக் கணக்கு உதைக்கிறது. அந்தப் பெயரில் இருக்கும் 'செஸ்டர்' பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையான 'செஸ்டர்' இருந்தது கேம்பிரிட்ஜில். ஆனால் கேம்பிரிட்ஜ் பெயரில் இன்று அதற்கு ஒரு தடயமும் இல்லை. ஊர்ப் பெயர்களின் மேல் எனக்கு வெகுநாளாகவே பித்து. அக்கா குடும்பம் கேம்பிரிட்ஜில் இருப்பதால், இந்த முறை வந்ததும் முதல் வேலையாக இந்தப் பெயர்களின் வழியே ஒரு சுற்று சுற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் காசில் மவுண்டுக்குப் போனேன். நகரத்தின் வடக்குப் பக்கம், பழைய ஷயர் ஹால் கட்டடத்தை ஒட்டிப் புல் மூடிய ஒரு செங்குத்தான மண்மேடு. படிகள் ஏறி மேலே நின்றால் கல்லூரிக் கோபுரங்கள் எல்லாம் காலடியில். நார்மாண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த இரண்டே ஆண்டில், 1068இல், இங்கே கோட்டை கட்டினான். அதற்காக 27 வீடுகள் இடிக்கப்பட்டன என்று 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பு சொல்கிறது. இடிந்த வீடுகளையும் எண்ணி எழுதிவைத்தவர்கள் என்பதால்தான் அந்தக் கணக்கெடுப்பின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

ரோமானிய ஊர் இருந்ததும் இந்த மேட்டைச் சுற்றித்தான். நார்மன்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே அது பாழடைந்திருந்தது. அதைச் சொல்பவர் பீட் என்ற துறவி. வடக்கே ஜாரோ மடத்தில் இருந்துகொண்டு, ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை 731இல் எழுதி முடித்தவர். கேம்பிரிட்ஜுக்கு வடக்கே, பக்கத்திலிருக்கும் ஈலி மடத்தின் தலைவியாக இருந்த எதல்த்ரித் 679இல் இறந்துபோகிறாள். 16 ஆண்டுகள் கழித்து, அவளுக்குப்பின் தலைவியான அவளுடைய அக்கா செக்ஸ்பர், எலும்புகளை எடுத்துத் தேவாலயத்துக்குள் வைக்க நினைக்கிறாள். பெட்டி செய்யக் கல் வேண்டும். ஈலியைச் சுற்றிலும் சதுப்பும் தண்ணீரும்தான், பெரிய கல் கிடைக்காது. மடத்து ஆட்கள் படகில் ஏறித் தேடிப் போகிறார்கள். பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த ஒரு சின்ன நகரத்தின் மதில் ஓரம், அழகாகச் செதுக்கிய வெள்ளைப் பளிங்குப் பெட்டி ஒன்று மூடியோடு கிடக்கிறது. அந்த நகரத்தை ஆங்கிலேயர் 'கிராண்டகாஸ்டிர்' என்று சொல்வார்கள் என்று பீட் எழுதுகிறார். கிராண்டா ஆற்றங்கரைக் கோட்டை என்று பொருள்.

ஆக கேம்பிரிட்ஜின் பெயர் அப்போது கிராண்டகாஸ்டிர். கேம் என்று ஓர் ஆறே அந்தக் காலத்தில் கிடையாது. ஆற்றின் பெயர் கிராண்டா. அதுவும் ஆங்கிலேயர் வைத்ததல்ல, அவர்களுக்கு முன் இங்கே இருந்தவர்களின் மொழியிலிருந்து வந்த பெயர்.

மேட்டிலிருந்து இறங்கி காசில் தெரு வழியாக ஆற்றுக்கு வந்தேன். அங்கே இருப்பது மாக்டலீன் பாலம், ஊர்க்காரர் வாயில் 'மாட்லின்'. இப்போது நிற்கும் வார்ப்பிரும்புப் பாலம் 1823இல் கட்டியது. ஆனால் ஆற்றைக் கடக்கும் இடம் மிகப் பழையது. 875ஆம் ஆண்டில் குத்ரம் முதலான மூன்று டேனிஷ் அரசர்கள் பெரும்படையோடு வந்து ஓராண்டு முகாமிட்டிருந்தார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அதில் ஊரின் பெயர் 'கிராண்டெபிரிட்ஜ்' என்று வருகிறது. கோட்டை போய்விட்டது, பாலம் வந்துவிட்டது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். டூம்ஸ்டே ஏட்டில் 'கிரெண்டெபிரிஜ்' என்று எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு பேசிய நார்மன்களின் வாயில் இந்தப் பெயர் சிக்கியது. ஒரே சொல்லில் முன்னே ஒரு ரகரம், பின்னே ஒரு ரகரம். முன்னதை விட்டுவிட்டார்கள். முதலில் இருந்த ககரமும் வல்லொலியாக இறுகியது. 'கிராண்டெபிரிஜ்' அப்படியே 'காண்டெபிரிஜ்' ஆனது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கதையில் எழுதுவது இந்த வடிவத்தைத்தான். பட்டத்துக்குப் பின்னால் இன்றும் 'கேண்டப்' என்று போட்டுக்கொள்கிறார்களே, அது இதன் லத்தீன் வடிவத்தின் சுருக்கம். பிறகு நடுவிலிருந்த டகரம் தேய்ந்தது. பகரத்துக்கு முன்னால் வந்த மூக்கொலி, உதடு மூடும் ஒலிக்கு இசைந்து மகரமானது. இப்படி வந்து சேர்ந்ததுதான் கேம்பிரிட்ஜ்.

இப்போது ஊர்ப் பெயரில் கிராண்டா இல்லை. பெயரைக் கேட்பவர்கள் 'கேம் ஆற்றுப் பாலம் போலிருக்கிறது' என்றுதானே நினைப்பார்கள்? அப்படி நினைத்து நினைத்தே, 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில், ஆற்றையே கேம் என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆற்றிலிருந்து ஊருக்கு வந்த பெயர் ஊரிலிருந்து ஆற்றுக்குத் திரும்பிப் போனது. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே போகும் தட்டைப் படகுகளைப் பார்த்தேன். படகோட்டும் பிள்ளைகள் சுற்றுலாக்காரர்களுக்கு 'இதுதான் கேம் ஆறு, அதன் மேல் பாலம், அதனால் கேம்பிரிட்ஜ்' என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். காசில் மேட்டுக்குக் கிழக்கே செஸ்டர்டன் என்று ஒரு பகுதி, இன்று நகரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. டூம்ஸ்டேயில் 'செஸ்ட்ரெடோன்'. கோட்டையை ஒட்டிய குடியிருப்பு என்று பொருள். பீட் சொன்ன கிராண்டகாஸ்டிரின் உண்மையான 'காஸ்டிர்' பிழைத்திருப்பது இந்தப் பெயரில்தான். பேருந்தில் போகிறவர்கள் அதைத் தினமும் அறிவிப்பில் கேட்கிறார்கள்.

புதன் – கிராண்ட்செஸ்டர்

அத்தானுக்கு இன்று விடுப்பு. "வண்டியில போயிடலாமா?" என்று கேட்டார். "இல்ல அத்தான், நடந்துதான் போகணும். அந்த வழியே பாதி விஷயம்" என்றேன். நியூன்ஹாமில் தொடங்கும் புல்வெளிப் பாதை அது. ஒரு பக்கம் வளைந்து வளைந்து வரும் ஆறு, கரையெல்லாம் வில்லோ மரங்கள், இன்னொரு பக்கம் மேய்ச்சல் நிலம். மாடுகள் பாதையின் குறுக்கே நின்று நகர மறுத்தன. மெதுவாக நடந்தும் ஒரு மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிட்டது.

இந்தப் பக்கத்து ஆற்றைக் கிராண்டா என்றும், நகரத்துக்குள் போனபின் கேம் என்றும் சொல்லும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பழைய பெயர் முழுதாகச் சாகவில்லை. அத்தான் இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் இதைக் கேள்விப்பட்டதில்லையாம். "அப்ப கேம்பிரிட்ஜை கிராண்டாபிரிட்ஜுன்னு சொல்லணுமா, மாப்ளே?" என்றார். சொன்னால் தப்பில்லை என்றேன்.

கிராண்ட்செஸ்டர் சிறிய ஊர். கூரை வேய்ந்த சில வீடுகள், அருகருகே மதுக்கடைகள், ஆப்பிள் மரங்களுக்கு அடியில் சாய்வு நாற்காலி போட்டுத் தேநீர் தரும் ஒரு தோட்டம். ஆந்திரேயரும் மரியாளும் காவலாக இருக்கும் தேவாலயம் ஒன்று. கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிதான் 1380 முதல் இந்தத் தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமித்து வருகிறது. பலிபீடப் பகுதியின் சன்னல்களில் கல்லையே கொடிபோல வளைத்திருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டு வேலை. அந்தச் சன்னலைச் செதுக்கிய காலத்தில் இந்த ஊருக்கு இந்தப் பெயர் உறுதியாகியிருக்கவில்லை என்று நினைத்தபோது, அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

டூம்ஸ்டேயில் இந்த ஊர் 'கிராண்டெசெட்டா'. செஸ்டர் என்ற பேச்சே இல்லை. இதில் இருப்பது 'சேட்டெ' என்ற பழைய ஆங்கிலச் சொல்: குடியேறி வாழ்பவர்கள். கிராண்டா ஆற்றங்கரைக் குடிமக்கள் என்பதுதான் பெயர். இடத்துக்கு வைத்த பெயர்கூட அல்ல, ஒரு மக்கள் கூட்டத்துக்கு வைத்த பெயர். அவர்கள் இருந்த இடத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. இதே சொல்தான் டார்செட், சாமர்செட் என்ற இரண்டு மாவட்டப் பெயர்களின் வாலிலும் இருக்கிறது. அவையும் முதலில் மக்களின் பெயர்கள்தான். ஒரு மாவட்டத்துக்கே போதுமான பெயர் இங்கே ஒரு சிறு கிராமத்தில் வந்து தங்கியிருக்கிறது. ஒருவேளை இந்தக் கரை முழுக்கப் பரவியிருந்தவர்களை அந்தப் பெயர் குறித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் குடிகளில் ஒருத்தியை நாம் கிட்டத்தட்டப் பார்க்கவே முடியும். ஆற்றுக்கு அந்தக் கரையில் டிரம்பிங்டன். அங்கே 2011இல் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, சுமார் 16 வயதுப் பெண் ஒருத்தி கட்டிலோடு புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். மார்பில் பொன்னில் செம்மணிக் கற்கள் பதித்த சிறு சிலுவை. காலம் 7ஆம் நூற்றாண்டு. அந்தச் சிலுவை இப்போது கேம்பிரிட்ஜின் தொல்லியல், மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஈலியின் எதல்த்ரித் வாழ்ந்த அதே நூற்றாண்டு. மதில் ஓரம் பளிங்குப் பெட்டியைத் தேடியவர்களும், இந்தப் பெண்ணுக்குக் கட்டில் வைத்துப் புதைத்தவர்களும் ஒரே ஆற்றின் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சரி, குடிகள் எப்படிக் கோட்டை ஆனார்கள்? நார்மன் எழுத்தர்கள் சகர ஒலியை எஸ் என்ற எழுத்தாலும் எழுதுவார்கள், சி என்ற எழுத்தாலும் எழுதுவார்கள். 'கிராண்டெசெட்', 'கிரான்செட்' என்று வாயில் தேய்ந்து வந்த பெயரைச் சி போட்டு எழுதினால், பார்ப்பதற்குச் 'செஸ்டர்' குடும்பத்துப் பெயர்போல ஆகிவிடும். ஏனென்றால் அந்தக் குடும்பத்துப் பெயர்களையும் அவர்கள் சி போட்டுத்தான் எழுதினார்கள், அவற்றின் ஒலியும் தேய்ந்துதான் இருந்தது. குளோஸ்டர், லெஸ்டர் என்று இன்று சொல்கிறோமே, எழுத்தில் அவற்றுக்குள் முழுச் செஸ்டர் ஒளிந்திருக்கிறது. நாடெங்கும் அவ்வளவு செஸ்டர்கள் இருக்கும்போது, பொருள் மறந்துபோன ஒரு 'செட்' அவற்றோடு சேர்ந்துகொள்வது எளிது. பொருள் விளங்காத பெயரை மக்கள் சும்மா விடமாட்டார்கள். விளங்கும் ஒன்றாக மாற்றிவிடுவார்கள். எழுத்து மாறியது, பிறகு வாயும் அந்த எழுத்தைப் பின்பற்றியது.

இதனால் வந்த குழப்பமும் சிறியதல்ல. பீட் சொன்ன பாழடைந்த நகரம் இந்தக் கிராமம்தான் என்று முன்னாளில் படித்தவர்களே நம்பினார்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம்? பழைய எழுத்து வடிவங்களைத் தேடி எடுத்து வரிசைப்படுத்திய பிறகுதான், இன்றைய கிராண்ட்செஸ்டர் வேறு, அன்றைய கிராண்டகாஸ்டிர் வேறு என்பது தெளிவானது. பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி ஊரின் வரலாற்றைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தேவாலய வாசலில் ஒரு வயதான அம்மா பூச்சாடிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். வணக்கம் சொல்லி, ஊர்ப் பெயரை ஒருமுறை சொல்லிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். நடுவிலிருக்கும் டகரம் காணவில்லை, 'கிரான்-செஸ்டர்' என்று வழுக்கிக்கொண்டு வந்தது. ஊரின் முதல் பெயர் குடிகளைக் குறித்தது என்று நான் சொன்னதும், பூவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் அது எங்களைப் பற்றிய பெயர்" என்றார்.

வியாழன் – மழை

காலையிலிருந்து விடாத மழை. நூலகத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கிலாந்தில் ஊர்ப் பெயர் ஆய்வு என்பது பொழுதுபோக்குக் கதை அல்ல. 1923இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாகத் தொகுதிகள் வெளியிட்டு வருகிறார்கள். கேம்பிரிட்ஜ்ஷயர் தொகுதியை ரீனி என்பவர் 1943இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கொண்டுவந்தார். அதற்கும் முன்பே, 1901இல், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்கீட் இந்த மாவட்டத்துப் பெயர்களை ஆராய்ந்து எழுதியிருந்தார். வழிமுறை எளியது, உழைப்புதான் அதிகம். ஒவ்வொரு பெயருக்கும், அரசு ஏடு, மடத்து ஏடு, நிலப் பத்திரம், வரிப் பட்டியல் என எங்கெங்கே வருகிறதோ அத்தனையையும் தேடி, ஆண்டு வாரியாக அடுக்க வேண்டும். மிகப் பழைய வடிவத்திலிருந்துதான் பொருள் சொல்ல வேண்டும். இன்றைய வடிவத்தை வைத்து ஊகித்துச் சொன்னால் கிராண்ட்செஸ்டரில் கோட்டை கட்ட வேண்டியிருக்கும்.

பழைய வடிவங்கள் ஏன் இவ்வளவு மாறி மாறி வருகின்றன என்பதும் இந்தத் தொகுதிகளைப் புரட்டினால் தெரிகிறது. இதுதான் சரியான எழுத்து என்று அன்று எதுவும் இல்லை. கேட்டதை எழுதினார்கள். எழுதியவர் பிரெஞ்சுக்காரர், எழுதிய மொழி லத்தீன், சொன்னவர் ஆங்கிலம் பேசிய குடியானவர். மூன்று மொழிகளைக் கடந்துதான் பெயர் தோல் ஏட்டில் ஏறியது. கேம்பிரிட்ஜ்ஷயருக்கு ஒரு கூடுதல் அதிர்ஷ்டமும் உண்டு. டூம்ஸ்டே ஏட்டுக்காக வட்டாரத்தில் எடுத்த விசாரணையின் ஒரு நகல் தனியாகப் பிழைத்திருக்கிறது. ஒரே விசாரணையில் சொன்ன ஒரே ஊர் இரண்டு ஏடுகளில் வேறு வேறு எழுத்தில் இருப்பதை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

எழுத்து நிலைத்துப் போனது மிகவும் பிந்தித்தான். அச்சு, அஞ்சல், ரயில் நிலையப் பலகை, நில அளவைத் துறையின் வரைபடம் எல்லாம் சேர்ந்து அதைக் கட்டிப்போட்டன. அளவைக்காரர்கள் பெயர்ப் புத்தகம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இந்த எழுத்துக்கு யார் சாட்சி என்று குறிப்பார்கள். சாட்சி பெரும்பாலும் பாதிரியாரோ நிலக்கிழாரோதான். வயலில் நின்றவரின் வாயிலிருந்த வடிவத்துக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. இது எனக்கு வருத்தம்தான். பெயரை உருவாக்கி ஆயிரம் ஆண்டு சுமந்தவர்கள் அவர்கள்.

வெள்ளி – ஈலி

கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வழியில் வாட்டர்பீச் நிலையம். கடற்கரை என்று நினைத்து இறங்கினால் ஏமாற்றம்தான், அந்த 'பீச்' கடலோடு சம்பந்தமில்லாத வேறொரு பழைய சொல். பக்கத்திலேயே லேண்ட்பீச் என்றும் ஒன்று உண்டு. தண்ணீர்ப் பக்கம் இருந்ததும் மேட்டுப் பக்கம் இருந்ததும் தனித்தனியாகத் தெரிவதற்காகப் பின்னாளில் முன்னொட்டு சேர்த்தார்கள்.

ஈலிப் பேராலயம் வெகுதூரத்திலிருந்தே தெரிகிறது. சுற்றிலும் தட்டையான கருப்பு மண் வயல்கள், நடுவில் ஒரு மேடு, அதன் மேல் இத்தனை பெரிய கல் கட்டடம். 17ஆம் நூற்றாண்டில் வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்குவதற்கு முன், இது உண்மையாகவே தீவு. தோர்னி, விட்டில்சி, ஸ்டன்ட்னி என்று இந்தப் பக்கத்துப் பெயர்களின் கடைசியில் வரும் 'இ' ஒலிக்குத் தீவு என்றே பொருள். வயல்களுக்கு நடுவே நின்றுகொண்டு தீவுப் பெயர்களைப் படிப்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஈலியின் பெயரில் முதலில் தீவு இல்லை. பீட் எழுதுவது 'எல்கெ' என்று. சதுப்பில் ஏராளமாகப் பிடிபடும் விலாங்கு மீனால் வந்த பெயர் என்று அவரே காரணமும் சொல்கிறார். அந்தக் 'கெ' ஒரு வட்டாரத்தைக் குறிக்கும் மிகப் பழைய சொல். அது வழக்கொழிந்தபின், சுற்றியிருந்த தீவுப் பெயர்களோடு சேர்த்து இதையும் விலாங்குத் தீவு என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். கிராண்ட்செஸ்டரில் நடந்த அதே வேலை. இங்கே மட்டும் புதிய பொருளும் நிலத்துக்குப் பொருந்திப்போனது. விலாங்கு வெறும் பெயருக்கு அல்ல. 1086இல் பக்கத்து லிட்டில்போர்ட்டிலிருந்து மட்டும் ஈலி மடத்துக்கு ஆண்டுக்கு 17,000 விலாங்கு மீன் வரவேண்டும் என்று கணக்கு இருக்கிறது.

பேராலயத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது நடுவிலிருக்கும் எண்கோணக் கோபுரத்தை. 1322இல் பழைய கோபுரம் இடிந்து விழுந்ததும், அந்த இடத்தில் பெரும் ஓக் மரங்களை நிறுத்தி எழுப்பியது. நானும் பார்த்தேன். ஆனால் நான் தேடி வந்தது தரையில் இருந்தது. பெரிய பலிபீடத்துக்கு முன்னால், கால் படும் தளத்தில், ஒரு கரும்பலகைக் கல். எதல்த்ரித்தின் சமாதி இருந்த இடம். கிராண்டகாஸ்டிர் மதிலோரம் கிடைத்த அந்தப் பெட்டியில் வைத்து இங்கேதான் வழிபட்டார்கள். 1541இல் சமாதியை உடைத்துவிட்டார்கள். இப்போது மிஞ்சியது கல்லில் வெட்டிய பெயர்தான்: எதல்ட்ரேடா. அது லத்தீன்காரர்கள் எழுதிய வடிவம்.

ஊர்ப் பெயர்போல இந்தப் பெண்ணின் பெயரும் மக்கள் வாயில் தேய்ந்தது. எதல்த்ரித் என்பது ஆட்ரி ஆனது. கதை அங்கேயும் நிற்கவில்லை. கழுத்தில் கட்டி வந்து இறந்தவள் அவள். சிறுவயதில் கழுத்து நிறைய நகை போட்டுத் திரிந்ததற்கு இது கூலி என்று அவள் சொன்னதாகப் பீட் எழுதுகிறார். பின்னாளில் அக்டோபரில் அவள் பெயரால் இங்கே சந்தை கூடியது. அந்தச் சந்தையில் கழுத்தில் கட்டும் பட்டு நாடா விற்றார்கள், செயின்ட் ஆட்ரி நாடா என்று. வேகமாகச் சொல்லிச் சொல்லி 'செயின்ட்'டின் கடைசி டகரம் அடுத்த சொல்லில் ஒட்டிக்கொண்டு 'டாட்ரி' நாடா ஆனது. மலிவான, பளபளப்பான, தரமில்லாத பொருளுக்கெல்லாம் இன்று ஆங்கிலத்தில் அதுதான் சொல். ஓர் அரசியாக இருந்து துறவியானவளின் பெயர் இப்படி ஒரு வசைச்சொல்லில் போய் முடிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று அவளுடைய முழுப் பெயரை, எதல்த்ரித் என்று, ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.

சனி – ஆஷ்வெல்

கிராண்ட்செஸ்டருக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஊர் திரும்ப மனமில்லை. மேலே போனால் ஆறு பிரிகிறது. லிண்டன் பக்கமிருந்து வரும் கிளை இன்றும் கிராண்டா. எசெக்ஸிலிருந்து வருவதை வரைபடத்தில் 'கேம் அல்லது கிராண்டா' என்று போட்டிருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து வருவது 'கேம் அல்லது ரீ'. நான் எடுத்தது மூன்றாவதை.

லண்டன் பக்கம் போகும் மெதுவண்டியில் ஏறினேன். ஃபாக்ஸ்டன், ஷெப்ரெத், மெல்ட்ரெத் என்று வரிசையாகச் சின்ன நிலையங்கள். ஷெப்ரெத் என்றால் ஆட்டு ஓடை, மெல்ட்ரெத் என்றால் ஆலை ஓடை. அந்த 'ரெத்' சிற்றோடையைக் குறிக்கும் சொல். டூம்ஸ்டேயில் ஷெப்ரெத் எப்படி இருக்கிறது தெரியுமா? 'எஸ்செப்ரிட்'. சொல்லின் தொடக்கத்தில் எஸ் எழுத்தும் அதையடுத்து ஒரு மெய்யும் வந்தால் நார்மன்களால் அப்படியே சொல்ல முடியாது, முன்னால் ஓர் எகரம் போட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் ஸ்கூலை இஸ்கூல் என்று சொல்வதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஓர் அரசின் அதிகாரபூர்வ ஏட்டில் அந்த எகரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ரயில் அந்த நிலையத்தைத் தாண்டும்போது எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

ஆஷ்வெல் நிலையத்திலிருந்து ஊர் இரண்டு மைல், நடந்தேன். ஊருக்கு நடுவிலேயே ஒரு பள்ளத்தில், ஆஷ் மரங்களுக்கு அடியில், சுண்ணாம்புப் பாறைக்கு உள்ளேயிருந்து தண்ணீர் ஊறி வெளியே வருகிறது. ஆஷ் மரத்து ஊற்று என்பதுதான் ஊர்ப் பெயர். இந்தப் பயணத்தில், சொன்ன பொருளை இன்றும் கண்ணால் பார்க்க முடிந்த ஊர் இதுதான். தண்ணீர் ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சி. குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் ஓர் அரிய தட்டைப்புழு இங்கே இருப்பதால் பாதுகாக்கப்பட்ட இடம். கையை விட்டுப் பார்த்தேன், விரல் மரத்துப்போனது.

இங்கே பிறக்கும் ஆறுதான் ரீ. அதன் பெயருக்கு வேர் 'ஈ' என்ற பழைய சொல்: ஆறு, அவ்வளவுதான். வேறு ஆறு தெரியாத ஊர்க்காரனுக்கு அதற்குமேல் பெயர் எதற்கு? 'அட்டர் ஈ' என்று சொல்வார்கள், ஆற்றங்கரையில் என்று. அந்த 'அட்டர்' வழக்கொழிந்து 'அட் த' ஆனபோது, நடுவிலிருந்த ரகரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அடுத்த சொல்லோடு சேர்ந்துவிட்டது. 'அட் த ரீ'. ஆற்றுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயரல்ல. சொல் எங்கே முடிகிறது என்பதில் ஏற்பட்ட ஒரு சிறு நழுவல்.

ஊர்த் தேவாலயத்தின் கோபுர அறைக்குள் போனால், வெளிச்சுவரின் உள்பக்கம் மென்மையான வெள்ளைக் கல்லில் யாரோ கூர்முனையால் கீறிய லத்தீன் வரிகள் இருக்கின்றன. 1350இல், கொள்ளைநோய்க்குப் பின், எழுதியது. இரக்கத்துக்குரிய, கொடிய ஆண்டு, சாட்சி சொல்ல எஞ்சியிருப்பவர்கள் கடைநிலை மக்கள் மட்டுமே என்று சொல்கிறது. எழுத்துகள் விரல் நகத்தால் தடவிப் பார்க்கும் அளவுக்கு ஆழம். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால்தான் தெரியும். பெயர்களின் வடிவங்களைத் தேடிக்கொண்டு வந்தவனுக்கு அது ஓர் எச்சரிக்கை மாதிரி இருந்தது. வாயிலிருந்து வாய்க்குப் பெயர் போக, சொல்வதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். கிராண்டாவும் ஈலியும் ஆஷ்வெல்லும் அந்த நோயையும் தாண்டி வந்த பெயர்கள்.

போக நினைப்பவர்களுக்கு: எல்லா ரயிலும் ஆஷ்வெல்லில் நிற்காது, நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே நடக்கும் சாலையில் நடைபாதை எல்லா இடத்திலும் இல்லை, எதிரே வண்டி வருவது தெரியும் பக்கமாகவே நடங்கள். தேவாலயத்தில் கீறலைப் பார்க்கக் கைபேசி விளக்கு போதும். ஈலிப் பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. கிராண்ட்செஸ்டருக்குச் செலவே இல்லை, காலணி மட்டும் சேற்றுக்குத் தாங்குவதாக இருக்கட்டும்.